எறிகணை அதிர்ச்சியும் நாவலும்: வேர்ஜினியா வூல்ஃபின் 'திருமதி டலோவே' பற்றிய சில சிந்தனைகள்

வேர்ஜினியா வூல்ஃபின் 'திருமதி டலோவே' (1925) என்னும் நாவலின் இறுதிப் பகுதியில் ஒரு விருந்து நடைபெறுகின்றது. பிரதம மந்திரியும் வந்துபோகும் அவ்விருந்திற்கு, இலண்டனிற் பெயர்பெற்ற மனநோய் வைத்தியரான சேர் வில்லியம் பிராட்ஷோவும் அவரது மனைவியும் பிந்தி வந்துசேருகின்றனர். அவரது நோயாளியான இளைஞன் ஒருவன் அன்று மாலை தற்கொலை செய்துகொண்டான். புறப்படும் வேளையில் அச்செய்தி தொலைபேசியில் வந்ததே தாமதத்திற்குக் காரணம். பிராட்ஷோ பாராளுமன்ற உறுப்பினரான றிச்சட் டலோவேயை ஒருபுறம் அழைத்து, எறிகணை அதிர்ச்சி காலந்தாழ்த்தி ஏற்படுத்தும் விளைவுகள் குறித்துத் தயாராகிவரும் சட்டமூலத்தில் ஏதேனும் ஏற்பாடு இருத்தல் வேண்டும் என்று தாழ்ந்த குரலிற் பேசுகின்றார். மாலையில் இறந்தவன் இரவிற்குள் ஒரு சட்டவாசகத்திற்கான உதாரணமாகிவிடுகிறான். அவனுடைய பெயர்கூட அங்கு உச்சரிக்கப்படுவதில்லை.

இந்நாவலைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் கிளறிசா டலோவேயின் நினைவோட்டத்திலேயே தமது கவனத்தைச் செலுத்தியுள்ளனர். நாம் அந்தச் சட்டமூலத்திலிருந்து தொடங்க விரும்புகின்றோம். யுத்தத்தின் மனக்காயத்திற்கு ஒரு பெயர் கிடைக்கும்பொழுது, துன்பப்பட்டவனுக்கு ஓர் அங்கீகாரம் கிடைக்கின்றது. அதே கணத்தில், அத்துன்பத்தின் பொருள் யாதெனத் தீர்மானிக்கும் உரிமை அவனிடமிருந்து பறிபோகின்றது. நோய் என்பது உடலிலோ மூளையிலோ மாத்திரம் இருப்பதன்று. அது ஒரு சமூக உறவு. இதனை வைத்திய நூல்கள் விளங்கிக்கொள்வதற்கு வெகுகாலம் முன்னரே ஒரு நாவல் விளங்கிக்கொண்டது என்பதே எமது வாதம்.

இறந்த இளைஞன் செப்ரிமஸ் வொரன் ஸ்மித். அவனுடைய வர்க்கநிலையை நாவலாசிரியர் துல்லியமாகவே தந்துள்ளார். ஸ்ட்ரவுட் என்னும் சிறு பட்டினத்திலிருந்து வீட்டைவிட்டு இலண்டனுக்கு ஓடிவந்தவன்; காணிகளையும் சொத்துக்களையும் மதிப்பிட்டு ஏலம்விடும் கம்பனியொன்றில் எழுதுவினைஞன்; வோட்டலூ வீதியில் மிஸ் இசபெல் போல் நிகழ்த்திய விரிவுரைகளுக்குச் சென்று ஷேக்ஸ்பியரைக் கற்றவன். மெலிந்த உடலைப் பார்த்த முகாமையாளர் உதைபந்து ஆடும்படி அவனுக்குப் புத்தி கூறுகின்றார். 1914இல் முதன்முதலிற் படையிற் சேர்ந்தோருள் அவனும் ஒருவன். அவன் காக்கச் சென்ற இங்கிலாந்து ஷேக்ஸ்பியரின் நாடகங்களாலும், சதுக்கமொன்றிற் பச்சை உடையில் உலாவும் தன் ஆசிரியையாலும் ஆன இங்கிலாந்து. இவ்விடத்தில் ஆசிரியரின் கேலி மென்மையானதெனினும் கூரியது. ஆளும் வர்க்கத்தின் பண்பாட்டைக் கடன்வாங்கிக் கற்ற கீழ்மத்தியதர வர்க்க இளைஞன், அக்கடனைத் தன் உடலாலேயே தீர்க்கப் போகின்றான்.

போர் முடிவதற்குச் சிறிது முன்னர், இத்தாலியில், அவனுடைய அதிகாரியும் நெருங்கிய நண்பனுமாகிய எவன்ஸ் கொல்லப்படுகிறான். செப்ரிமஸ் அழவில்லை, தான் அதிகம் உணர்ச்சிவசப்படாதிருந்தமைக்காகத் தன்னையே மெச்சிக்கொள்கிறான். படையில் அது ஆண்மையெனக் கருதப்பட்டது. சமாதானம் வந்தபின்னரே தன்னால் எதனையும் உணரமுடியவில்லை என்னும் அச்சம் அவனைப் பற்றிக்கொள்கின்றது. 1923 ஜூன் மாதத்து ஒருநாளில் நிகழும் கதையில், மோட்டார் வண்டியொன்றின் வெடியோசை வீதியில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கின்றது. அவனை மாத்திரம் அது நின்ற இடத்திலேயே கட்டிப்போடுகின்றது. பூங்காவிற் கம்பிவேலியின் பின்னாலிருந்து எவன்ஸ் வருகிறான். வானில் விமானம் புகையால் எழுதும் இனிப்புப் பண்ட விளம்பரம் தனக்கென அனுப்பப்பட்ட சமிக்ஞை என அவன் கருதுகிறான். (இறந்தவர்களின் தூதும் விளம்பரமும் ஒரே வானிற் கலப்பது தற்செயலானதன்று.)

இன்று வைத்தியர்கள் 'நெருக்கீட்டிற்குப் பின்னான மனவடு நோய்' எனக் குறிப்பிடும் நிலையின் முக்கிய கூறுகள் இங்கு உள்ளன: நடந்து முடிந்தது மீண்டும் நிகழ்காலமாக வருதல், உணர்வு மரத்துப்போதல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், உயிர்தப்பியமை பற்றிய குற்றவுணர்வு. அந்நோய்ப்பெயர் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் இடம்பெற்றது 1980இல். நாவல் அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் முந்தியது. எனினும் செப்ரிமஸை ஒரு நோய்க்குறிப்பாக வாசிப்பதும் தவறாகும். பறவைகள் கிரேக்க மொழியிற் பாடுவதைக் கேட்பவன் எந்த ஒரு பட்டியலுக்குள்ளும் முழுமையாக அடங்கமாட்டான். பட்டியலுக்குள் அடக்க முயன்றவர்களைப் பற்றியதே நாவல்.

அம்முயற்சியின் வரலாற்றைச் சற்று நோக்குதல் தகும். 'எறிகணை அதிர்ச்சி' என்னும் தொடரை வைத்திய இலக்கியத்தில் முதன்முதலாக அச்சேற்றியவர் கேம்பிறிட்ஜ் உளவியலாளரான சாள்ஸ் மையர்ஸ் (1915). அருகில் வெடிக்கும் எறிகணை நரம்பு மண்டலத்தைத் தாக்குகின்றது என்பதே ஆரம்ப விளக்கம். எறிகணை எதற்கும் அருகே செல்லாதவர்களிடமும் அதே அறிகுறிகள் தோன்றியபோது அவ்விளக்கம் ஆட்டங்கண்டது; மையர்ஸ் தாமே அத்தொடரிற் பின்னர் நம்பிக்கை இழந்தார். ஆனால் இராணுவத்திற்கு வேறொரு கணக்கு இருந்தது. எதிரியின் செயலால் நோயுற்றவன் காயமடைந்தோன். ஏனையோன் வெறும் நோயாளி. முன்னவனுக்குக் காயச்சின்னம் அணியும் உரிமை உண்டு, பின்னவனுக்கு இல்லை. 1917இல் எறிகணை அதிர்ச்சி என்னும் சொல்லைப் பயன்படுத்துவதே தடுக்கப்பட்டு, 'இன்னும் நிர்ணயிக்கப்படாத நரம்புக்கோளாறு' என்னும் பொருள்பட எழுதும் வழக்கம் வந்தது. சொல்லை அகற்றினால் நோயும் நோயாளியின் கோரிக்கையும் அகன்றுவிடும் என எதிர்பார்த்தார்கள் போலும். யுத்த அமைச்சு நியமித்த விசாரணைக் குழுவும் 1922இல் வெளியிட்ட அறிக்கையில் அச்சொல்லைக் கைவிடுமாறு சிபாரிசு செய்தது. நாவல் உருப்பெற்ற காலமும் அதுவே.

நோய்ப்பெயர் வர்க்கத்தின்படியே பங்கிடப்பட்டது. அதிகாரிகளுக்கு நரம்புத்தளர்ச்சி, பதகளிப்பு. சாதாரண சிப்பாய்களுக்கு ஹிஸ்டீரியா. எடின்பரோவின் அருகேயிருந்த கிறெய்க்லொக்காட் வைத்தியசாலையில் அதிகாரிகளுடன் மணிக்கணக்காக உரையாடிச் சிகிச்சையளித்த டபிள்யூ.எச்.ஆர். றிவர்ஸ், மனிதாபிமானம் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. அவர்கூட இவ்வேறுபாட்டைக் கல்வியாலும் பண்பாட்டாலும் விளக்க முயன்றாரேயன்றி, யார் கட்டளையிடுகிறார், யார் பதுங்குகுழியில் அசையாது கிடந்து கட்டளைக்குக் காத்திருக்கிறார் என்னும் வினாவை முழுமையாக எழுப்பவில்லை. அதே காலத்தில் இலண்டன் வைத்தியசாலையொன்றில் லூயிஸ் யீலண்ட் என்பவர், பேச்சிழந்த சிப்பாயை அறைக்குட் பூட்டி வைத்து, குரல் வரும்வரை தொண்டையில் மின்சாரம் பாய்ச்சியதைத் தமது நூலிலே (1918) வெற்றியாக விவரித்துள்ளார். ஹரி ஃபார் என்ற சிப்பாய் 1915இல் எறிகணை அதிர்ச்சிக்குச் சிகிச்சை பெற்றவர். 1916 ஒக்டோபரில் கோழைத்தனத்திற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். கோழைத்தனம், படையை விட்டோடுதல் முதலிய குற்றங்களுக்காக அவ்வாறு கொல்லப்பட்ட பிரித்தானியப் படையினர் 306 பேருக்கு 2006இலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. கவிஞர் சீக்ஃபிறீட் சசூனின் கதை இதற்கு மறுதலையானது. யுத்தம் வேண்டுமென்றே நீடிக்கப்படுகின்றது என 1917இற் பகிரங்கமாக அறிவித்த அந்த அதிகாரியை இராணுவ நீதிமன்றில் நிறுத்துவதற்குப் பதிலாக, நோயாளி எனக் கூறிக் கிறெய்க்லொக்காட்டுக்கு அனுப்பினர். அவரது அரசியற் கூற்று நோய்க்குறியாகிவிட்டது.

இவ்விடத்தில் எமது வாசகர்க்கு ஆர்வமூட்டக்கூடிய ஒரு செய்தியைக் கூறலாம். மையர்ஸ், றிவர்ஸ், சி.ஜி. செலிக்மன் ஆகிய மூவரும் 1898இல் டொறஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிறிட்ஜ் மானிடவியற் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். தீவு மக்களின் கண்பார்வையையும் செவிப்புலனையும் அளந்தவர்கள். றிவர்ஸ் பின்னர் நீலகிரித் தோடரைப் பற்றி எழுதினார் (1906). செலிக்மன் தம் மனைவியுடன் இலங்கை வேடரைப் பற்றி எழுதினார் (1911). யுத்தம் மூண்டபொழுது, குடியேற்ற நாட்டு மனிதனை அளந்த அதே விஞ்ஞானம் தாய்நாட்டுச் சிப்பாயை அளக்கத் திரும்பிற்று. இதைச் சூழ்ச்சியென நாம் கூறவில்லை. ஆனால் மற்றவனை அளப்பவனின் நாற்காலி எங்கே செய்யப்பட்டது என்பதை மறத்தலாகாது. வேர்ஜினியாவின் கணவர் லெனாட் வூல்ஃப், 1904 முதல் 1911 வரை இலங்கைச் சிவில் சேவையிற் பணியாற்றி, தொடக்க ஆண்டுகளை யாழ்ப்பாணத்திற் கழித்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. நிருவாக நாற்காலியின் பொருளை உள்ளிருந்து அறிந்து வெறுத்த ஒருவர் அவ்வீட்டில் இருந்தார்.

இதனாலேயே பிராட்ஷோவைப் பற்றிய பகுதி நாவலின் உச்சமாக அமைகின்றது. அவருக்கு முன்னர் வரும் டொக்டர் ஹோம்ஸ், நோய் எதுவுமில்லை எனக் கூறிப் பொழுதுபோக்கை வளர்க்கச் சொல்லும் சாதாரண மூடர். பிராட்ஷோ நோயை ஒரு பார்வையிலேயே அறிந்துவிடுகிறார். ஆயினும் நோயாளியை அவர் கேட்பதில்லை. முக்கால் மணிநேரம்; பின் நாட்டுப்புற இல்லமொன்றில் ஓய்வு, தனிமை, பால், உடல்நிறை அதிகரிப்பு. வூல்ஃப் தாமே இத்தகைய சிகிச்சைக்கு ஆட்பட்டவர். பிராட்ஷோ வழிபடும் தேவதைக்கு நாவலாசிரியர் 'அளவமைதி' எனப் பெயரிடுகிறார். அவளுக்கு ஒரு சகோதரி உண்டு. 'மனமாற்றம்' என்பது அவள் பெயர். அவள் இந்தியாவின் வெயிலிலும் ஆபிரிக்காவின் சேற்றிலும், இலண்டனின் சுற்றுப்புறங்களிலும் ஒரே வேலையைச் செய்பவள். பலவீனர்களின் சித்தத்தை உண்டு வாழ்பவள். மனநோய் மனையையும் குடியேற்ற ஆட்சியையும் ஒரே தத்துவத்தின் இரு கிளைகளாக ஒரு நாவல் 1925இற் கண்டது. பின்னர் ஹோம்ஸ் படியேறி வருகையில் செப்ரிமஸ் ஜன்னலாற் குதிக்கிறான். ஹோம்ஸின் வாயில் முதலில் வரும் வார்த்தை, கோழை என்பது. அவனைச் சுமந்து விரையும் அம்புலன்ஸின் மணியோசையைத் தெருவிற் கேட்கும் பீற்றர் வோல்ஷ், இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர், அதனை நாகரிகத்தின் வெற்றிகளுள் ஒன்றென வியக்கின்றார்.

இத்தகைய நாவலை எமது முற்போக்கு விமர்சன மரபு எவ்வாறு எதிர்கொண்டது? பெரும்பாலும் எதிர்கொள்ளவேயில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நனவோடை உத்தி என்றவுடனேயே அது சமூகத்திலிருந்து விலகிய பூர்ஷ்வாத் தனிமனிதனின் புலம்பல் எனத் தள்ளிவிடும் பழக்கம் எம்மிடையே வேரூன்றியிருந்தது. அதற்குத் தத்துவ ஆதாரம் ஜோர்ஜ் லூக்காச் நவீனத்துவத்தின் கருத்தியல் பற்றி 1950களில் எழுதியவை. நவீனத்துவ எழுத்தாளர் மனப்பிறழ்வை நாடுவது முதலாளித்துவ யதார்த்தத்திலிருந்து தப்பியோடுவதே; அவ்வெதிர்ப்பு எங்கும் இட்டுச்செல்லாத வெறுமையான எதிர்ப்பு என்பது அவர் கருத்து. லூக்காச்சின் பொதுநோக்கில் எமக்கு மதிப்புண்டு. பல நூல்களுக்கு அவர் கூற்றுப் பொருந்தவும் செய்யும். இந்நாவலுக்குப் பொருந்தாது. தனது காலத்துச் சமூக அமைப்பை விமர்சித்து, அது மிகுந்த வேகத்துடன் இயங்குவதைக் காட்டுவதே தன் நோக்கம் என வூல்ஃப் 1923இல் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். நோக்கத்தைவிட முக்கியமானது உருவமாகும். இறந்தகாலம் இறந்தகாலமாக இருக்க மறுப்பதே யுத்தத்தின் மனக்காயம். தொடக்கம், வளர்ச்சி, முடிவு எனக் காலம் ஒழுங்காக நகரும் கதையமைப்பு, காயம் ஆறியது என்னும் பொய்யைத் தன்னையறியாமலே கூறிவிடும். ஐந்தாண்டுகளுக்கு முந்திய மரணமும் இன்றைய வீதியோசையும் ஒரே வாக்கியத்தில் மோதும் நடை, இங்கு யதார்த்தத்தைக் கைவிடுவதன்று. வேறு வழியிற் பற்றமுடியாத யதார்த்தத்தைப் பற்றுவது. உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் பல்லாண்டுகள் விவாதித்துள்ளோம். அவ்விவாதத்தில் இவ்வுதாரணம் இல்லாமற் போனது எமக்கு நட்டமே.

1980இன் நோய்ப்பெயருக்கு மீண்டும் வருவோம். அப்பெயர் ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பி, அந்த யுத்தத்தையே எதிர்த்த படையினர் 1970 அளவில் தமக்குள் நடத்திய உரையாடற் குழுக்களிலும், அவர்களோடு அமர்ந்த றொபேட் லிஃப்ரன், சைம் ஷற்றான் ஆகிய உளமருத்துவர்களின் முயற்சியிலும் அது வேர்கொண்டது. நோயின் காரணம் மனிதனின் பலவீனத்தில் இல்லை, நிகழ்ந்த நிகழ்ச்சியில் உள்ளது என நிறுவியது ஒரு வெற்றி; அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அக்குழுக்களில் அவர்கள் பேசியவற்றுள் ஒன்று, தாம் வியட்நாமியருக்குச் செய்தவை பற்றியது. நோய்ப்பெயர் சட்டபூர்வமானபொழுது அறிகுறிகள் தங்கின. யுத்தத்தின் நீதி, அநீதி பற்றிய பேச்சு ஓரத்திற்குச் சென்றது. வகைப்பாட்டு நூலுக்குச் செய்தவனும் செய்யப்பட்டவனும் ஒன்றே.

இச்சிக்கலின் ஆழத்தைக் கண்டவர் ஃபிரான்ஸ் ஃபனொன். அல்ஜீரியாவின் பிளிடா மனநோய் வைத்தியசாலையிற் பணியாற்றிய அவர், 1961இல் வெளிவந்த தமது இறுதி நூலின் கடைசிப் பகுதியில் நோயாளர் வரலாறுகளைத் தருகின்றார். அவற்றுள் ஒன்று சித்திரவதை செய்யும் பொலிஸ் உத்தியோகத்தனுடையது. அவன் வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கத் தொடங்கியமையால் வைத்தியரிடம் வந்தவன். தொழிலை விட அவன் விரும்பவில்லை. மனச்சாட்சி உறுத்தாமல் தொடர்ந்து சித்திரவதை செய்ய உதவுமாறே அவன் கேட்கிறான். அளவமைதியின் தேவதைக்கு இதைவிட நேர்மையான பக்தன் இருக்கமுடியாது.

செப்ரிமஸும் தான் ஒரு குற்றம் புரிந்துவிட்டதாகப் பிராட்ஷோவிடம் கூறுகிறான். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை என மனைவி ரெசியா குறுக்கிடுகிறாள். வைத்தியர் குற்றம் என்ற சொல்லை நோய்க்குறியாகக் கொள்கிறார். யுத்தத்தில் அவன் என்ன செய்தான் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. நாவலாசிரியரும் கேட்கவில்லை என்பதை நாம் சொல்லாமல் இருக்கமுடியாது. அவன் யாரைக் கொன்றான், எத்தனை பேரைக் கொன்றான் என்பதற்கு நாவலில் இடமில்லை. உணரத் தவறியதே அவனுடைய குற்றமாகச் சுருங்கிவிடுகின்றது. ஆஸ்திரியச் சிப்பாய் எவனும் கம்பிவேலியின் பின்னாலிருந்து வருவதில்லை. இது வூல்ஃபின் வர்க்கத்திற்கும் நாட்டிற்கும் இருந்த எல்லை.

நூறாண்டுக்கு முந்திய ஆங்கில நாவலொன்றைப் பற்றி இங்கு இவ்வளவு விரிவாக எழுதவேண்டிய தேவை யாது என வினவுவோர் இருக்கலாம். எமது யுத்தம் 2009இல் முடிந்தது. எமது சட்டமூலங்களும் தயாராகியுள்ளன. தமிழில் இத்துறைக்கு 'மனவடு' என்னும் சொல்லைப் பரவச்செய்த தயா சோமசுந்தரம், தனிமனிதனை மாத்திரம் நோக்கும் மேலைத்தேய நோய்நிர்ணயம் இங்கு போதாது. குடும்பமும் ஊரும் உறவுமுறையும் சேர்ந்தே வடுப்படுகின்றன எனப் பல ஆண்டுகளாக எழுதிவந்துள்ளார். அவ்வெழுத்துக்களுக்கு எமது இலக்கிய விமர்சனம் உரிய கவனம் கொடுக்கவில்லை. மறுபுறத்தில், உளவளத்துணை என்பது அரசசார்பற்ற நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளில் எண்ணிக்கையாக நிரப்பப்படும் ஒரு கூடமாகவும் மாறியதை நாம் கண்டிருக்கிறோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்தபோது கேட்டது பிள்ளை எங்கே என்பதையே. அத்தாய்க்கு உறக்கம் இல்லையாயின் உறக்கத்திற்குச் சிகிச்சை வேண்டும். அதனை மறுப்பவர் புரட்சியாளர் அல்லர், கொடியவர். ஆனால் அவளுடைய கேள்விக்கே உறக்கமின்மையின் பெயரைச் சூட்டினால், அங்கே பிராட்ஷோ தாழ்ந்த குரலிற் பேசத் தொடங்கிவிடுகிறார்.

விருந்தில் அவ்விளைஞனின் மரணத்தைக் கேள்வியுறும் கிளறிசா, தனியறைக்குச் சென்று அவனோடு தன்னை ஒன்றாக உணர்கிறாள். இதனை மனித ஒருமையின் உயர்ந்த கணமாகப் போற்றும் விமர்சகர் பலர். முதல் வரைவில் செப்ரிமஸ் இல்லை என்றும், கிளறிசாவே இறப்பதாக இருந்தது என்றும் வூல்ஃப் பின்னாளில் (1928) எழுதியுள்ளார். அதனை வைத்து நோக்கினால், அவளுக்காக அவன் இறந்தான் என்பது கதையமைப்பின் நேர்ப்பொருளாகவே ஆகிவிடுகின்றது. அவள் மீண்டும் விருந்தினரிடம் திரும்புகின்றாள். ஒரு வர்க்கம் மற்றொன்றின் மரணத்தால் தன் வாழ்வை அழகாக உணர்வதை எம்மால் அவ்வளவு எளிதாகப் போற்ற முடியவில்லை.

எம்மைக் கவர்ந்த கணம் வேறொன்று. இறப்பதற்குச் சற்றுமுன், வாடகை அறையில், ரெசியா தொப்பி தைத்துக்கொண்டிருக்கிறாள். மிலானில் தொப்பி செய்யும் தொழில் செய்தவள் அவள். வீட்டுக்காரியின் மகளுக்கான அத்தொப்பி மிகச் சிறியது என்று செப்ரிமஸ் கேலி செய்கிறான். பின்னர் பெட்டியைக் கிளறி, ரிபன்களையும் மணிகளையும் பொறுக்கி, நிறங்களைப் பொருத்தி வைக்கிறான். அவன் கைக்குத் தைக்க வராது. கண்ணுக்கு நிறம் தெரியும். அவன் அடுக்கியதை அவள் தைக்கிறாள். பல வாரங்களின் பின் இருவரும் சேர்ந்து சிரிக்கின்றனர். அந்நேரத்தில் அவனுக்கு எவன்ஸ் இல்லை. மேசை மேசையாகவே இருக்கின்றது. எந்த வைத்தியரும் எழுதிக்கொடுக்காத சிகிச்சை அது: கேட்க ஒருவரும், சேர்ந்து செய்ய ஒரு வேலையும். அதன்பின் ஹோம்ஸ் படியேறி வருகிறார், ரெசியா வழிமறிக்கிறாள், அவர் அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு மேலேறுகிறார். எல்லாம் முடிந்தபின் அவளுக்கு உறக்கமருந்து கொடுக்கப்படுகின்றது. பிரதம மந்திரி வந்த வீட்டில் அவளைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. நாவலும் அதன்பின் அவளிடம் திரும்புவதில்லை.